நாள்பட்ட நோயும் செவிலியர் புகட்டும் பாடமும்

காய்ச்சல் வந்தால் மருந்து உண்கிறோம், தணிந்ததும் நிறுத்திவிடுகிறோம். இவ்வழக்கத்தையே நீரிழிவிலும் இரத்தக் கொதிப்பிலும் கைக்கொள்வது பெருந்தீங்காக முடியும். இவை மருந்தினால் அடங்கி நிற்பவை. பெரும்பாலும் அறவே நீங்குபவை அல்ல. இவ்வுண்மையை நோயாளியின் உள்ளத்திற் பதியவைக்கும் பெரும்பணி செவிலியருடையது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1823-ஆம் ஆண்டில், ஒரு மருத்துவப் பள்ளி தோன்றியது. அதன் வழிவந்த ஜிப்மர் நிறுவனம் 1964-இல் அப்பெயரைப் பெற்றது. இந்நிறுவனம் தன் பெரிய மருத்துவமனையோடு நில்லாது, நகரில் குருசுக்குப்பத்திலும், கிராமப் பகுதியில் இராமநாதபுரம் என்னும் ஊரிலும் சுகாதார நிலையங்களை நடத்தி வருகிறது. வீட்டருகே இத்தகைய நிலையம் இருப்பின், மாதந்தோறும் மருந்து பெறுதல் எளிது. ஆயினும், பெற்ற மருந்தை முறையாக உண்டாலன்றிப் பயனில்லை.

செவிலியர் கற்பிக்கும் பாடங்கள் யாவை?

முதலாவது, உடலில் நோவு இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்னும் அளவைத் தாண்டி நின்றாலும், பலருக்கு யாதொரு துன்பமும் தோன்றாது. திடீரெனப் பக்கவாதமோ மாரடைப்போ வந்த பின்னரே பலர் விழிக்கின்றனர். ஆகவே, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது.

இரண்டாவது, வேளை தவறாமை. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரட்டிப்பாக உண்ணலாகாது. நீரிழிவு மருந்து உண்டபின் உணவைத் தவிர்த்து வயலுக்குச் செல்வதும் ஆபத்து. வியர்த்து, நடுங்கி, தலை சுற்றினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ உண்ணவேண்டும். இன்சுலின் மருந்தை வெயில் படாமல் காத்தல் அவசியம். குளிர்பெட்டி இல்லாதோர் ஈர மணலில் வைத்த மண்பானையில் வைக்கலாம். நீர் புகாதவாறு மூடி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, உணவும் உடலும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு உட்பட்டிருத்தல் நன்று. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி. நீரிழிவுள்ள உழவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்காமல், இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. சிறு புண்ணே காலை இழக்கச் செய்யலாம்.

நல்ல செவிலியர் இவற்றைச் சொல்லிவிட்டு அமைவதில்லை. "அம்மா, இந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள்? நீங்களே சொல்லுங்கள்" என்று வினவுகிறார். நோயாளி தம் வாயால் சொல்லும்போதுதான் விளங்கியது எது, விளங்காதது எது என்பது புலனாகும். எழுத்தறியாதோர்க்குக் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் தனித்தனி உறைகளிலிட்டு, சூரியனும் சந்திரனும் வரைந்து கொடுத்தல் நன்று.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் மருந்து இல்லந்தேடி வருகிறது. அதை உண்ணும் அறிவும் உடன் செல்லுதல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கது பெரிதன்று. மாதம் ஒருநாள் ஊர்ப் பொதுவிடத்தில் செவிலியரை அழைத்து, நோயாளிகளையும் வீட்டாரையும் கூட்டுங்கள். சமைப்பவரும் அப்பாடத்தைக் கேட்கட்டும். மருந்தை நிறுத்திவிட்டோர் உண்டெனில், கடிந்துகொள்ளாது காரணத்தைக் கேட்டறிந்து, மீண்டும் நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். உழைக்கும் ஒருவர் படுத்துவிட்டால் குடும்பமே தளர்ந்துபோகும். அதனைத் தடுப்பதும் கிராம வளர்ச்சிப் பணியே.