சேர்ந்துவிடு, ஆனால் கேட்டுவிட்டுச் சேர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அலையன்ஸ் ஏர் விமான நிறுவனத்தில் கோ-பைலட் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள், சேர்வதா, பெரிய கம்பெனி கூப்பிடும்வரை காத்திருப்பதா என்று கேட்டிருந்தாய். சேர்ந்துவிடு என்பதே என் முடிவு.

அங்கே பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும் என்று உன் தோழிகள் சொல்வது உண்மை. பெரிய கம்பெனியான இண்டிகோ 2023-இல் ஒரே தடவையில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அலையன்ஸ் ஏரில் இருப்பதே ஏறத்தாழ 20 விமானங்கள்தான். புது விமானம் வராத இடத்தில், மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால்தான், அல்லது வேறு கம்பெனிக்குப் போனால்தான் கேப்டன் இடம் காலியாகும். சிறிய கம்பெனியில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. அதனால் பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது இங்கே சீனியாரிட்டி வரிசை மளமளவென்று நகரும். அவர்கள் நிறுத்திவிட்டால் இதுவும் நின்றுவிடும். உன் கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு, எப்போது வரும் என்பதை உன் கம்பெனி மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஆகவே சேருமுன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேள். கடைசியாகக் கமாண்ட் பெற்றவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள்? 60 வயதைத் தாண்டிய கேப்டன்கள் எத்தனை பேர்? சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கு: சேர்ந்த நாளா, பயிற்சி முடிந்த நாளா? விலகாமல் வேலை செய்வதாக எழுதித்தரும் பாண்ட் எத்தனை ஆண்டு? விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதி, விலகும் கோ-பைலட்டுக்கு ஆறு மாதமும் கமாண்டருக்கு ஓராண்டும் நோட்டீஸ் காலம் என்றது. பாண்டையும் இதையும் சேர்த்தே கணக்குப் போடு.

காத்திருக்கும் காலம் வீணாகுமோ என்று பயப்படாதே. நீ ஓட்டப்போகும் ஏடிஆர் 72 மழை மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கிற விமானமல்ல. பருவமழைக்குள்ளேயே பறக்க வேண்டும். நீ இறங்கவேண்டிய இடங்களில் ஒன்றான லட்சத்தீவின் அகத்தி தீவில் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான். சின்னச் சின்ன தூரம் என்பதால் ஒரே நாளில் பலமுறை தரையிறங்குவாய். கை பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்தால் போதும், கேப்டனாவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 வேண்டும். வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறாது. மணி நேரம் சேரும்போதே ஏடிபிஎல் பரீட்சைகளையும் எழுதி முடித்துவிடு. இடம் காலியாகும் நாளில் தாள் பாக்கி இருந்தால், உனக்குப் பின்னால் சேர்ந்தவர் முந்திவிடுவார்.

பெரிய கம்பெனி என்பதாலேயே வேலை நிலைக்கும் என்றும் நினைத்துவிடாதே. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. நூறு விமானங்களுக்குமேல் வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-இல் நின்றது. அங்கெல்லாம் பல ஆண்டு சேர்த்த சீனியாரிட்டி ஒரே நாளில் செல்லாமல் போனது. லாக்புக்கில் எழுதிய மணி நேரம் மட்டும் கூடவே வந்தது.

ஒரு நாள் நீயும் வேறு கம்பெனிக்குப் போக நினைப்பாய். போ, தவறில்லை. ஆனால் சம்பளம் கொஞ்சம் கூடுகிறதே என்று கமாண்டுக்கு அருகில் வந்த நேரத்தில் கிளம்பிவிடாதே. புது இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்பாய். கேப்டனாகப் பறந்த அனுபவத்தோடு போனால், உன்னைக் கூப்பிடுகிறவர்களும் அதற்குரிய மதிப்போடு கூப்பிடுவார்கள்.

பாண்ட் பத்திரம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்பு. இருவரும் வரி வரியாகப் படித்துவிடுவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா