ஐம்பது வெள்ளித் தாளில் ஒரு பாடம்

“எனக்கு வரையத் தெரியாது.”

உயர்நிலை ஒன்றில் முதல் ஓவிய வகுப்புக்குச் சென்ற அன்று, பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனிடம் நான் இப்படித்தான் சொன்னேன். தொடக்கப்பள்ளியில் நான் வரைந்த மாட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதை நாய் என்றே நினைத்தார்கள். ஓவியம் பிறவியிலேயே கைவர வேண்டிய கலை என்றும் அது எனக்கு வாய்க்கவில்லை என்றும் நான் முடிவு செய்திருந்தேன்.

அன்று ஆசிரியர் எங்கள் மேசையில் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்து, பத்து நிமிடத்தில் அதை வரையச் சொன்னார். கோப்பையின் வாயை முழு வட்டமாகவும் அடிப்பகுதியை நேர்கோடாகவும் வரைந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், அது கோப்பையைப் போலவே இல்லை. ஆசிரியர் தாளின் மூலையில் தேதியை எழுதச் சொல்லி, எல்லாருடைய படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். மதிப்பெண் எதுவும் போடவில்லை.

“உங்கள் காலணியை வரைந்து வாருங்கள்” என்பது இரண்டாம் வார வீட்டுப்பாடம். என் பள்ளிக் காலணி மிகவும் பழையது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. அதை வரைந்து எல்லாருக்கும் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால், இணையத்தில் புத்தம்புதிய விளையாட்டுக் காலணி ஒன்றின் படத்தைத் தேடி எடுத்தேன். திரையின்மேல் தாளை வைத்துக் கோடுகளை அப்படியே ஒற்றி எடுத்தேன். மறுநாள் நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆசிரியர் என் படத்தைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “கோடுகள் நன்றாக இருக்கின்றன. ஆனால், இது உன் காலணி இல்லையே!” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கூறினார். பின்னர், வகுப்பை நோக்கி, “ஐம்பது வெள்ளித் தாளின் பின்பக்கத்தை யாராவது கவனித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். ஒருவரும் கையுயர்த்தவில்லை.

அந்தத் தாளில் சிங்கப்பூர் ஓவியர்கள் இருவரின் படைப்புகள் உள்ளன. ஒன்று, சியோங் சூ பியெங் வரைந்த கருவாடு உலர்த்தும் காட்சி. மற்றொன்று, சென் வென் ஷி வரைந்த இரண்டு கிப்பன் குரங்குகள். சென் 1906ஆம் ஆண்டு சீனாவில் பிறந்தவர். 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்தவர். 13ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியம் ஒன்றின் அச்சுப்படியைப் பார்த்து அவர் கிப்பன்களை வரையத் தொடங்கினார். உயிருள்ள கிப்பனை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய ஓவியத்தைக் கண்ட ஒருவர், “கிப்பனுக்கு வால் கிடையாதே!” என்று சுட்டிக்காட்டினார். சென் அதை அவமானமாகக் கருதவில்லை. ஒரு கிப்பனை வாங்கித் தம் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். அது தொங்குவதையும் தாவுவதையும் நாள்தோறும் கவனித்தார். பின்னாளில் கிப்பன் ஓவியங்களே அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தன.

அன்று மாலை, “அப்பா, ஐம்பது வெள்ளி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“எதற்கு?” என்றார் அப்பா, பணப்பையை இறுகப் பிடித்தபடி.

“சும்மா பார்க்கத்தான் அப்பா!”

தாளை விளக்கொளியில் வைத்து இருவரும் பார்த்தோம். நீண்ட கைகளுடன் இரண்டு கிப்பன்கள். வால் இல்லை! பல ஆண்டுகளாகக் கைமாறிய தாளை அன்றுதான் நாங்கள் உண்மையில் பார்த்தோம்.

அன்றிரவே என் பழைய காலணியை மேசைமேல் வைத்தேன். ஆசிரியர் கற்றுத் தந்தபடி, காலணியின் கயிறுகளை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கிடையே தெரிந்த இடைவெளிகளின் வடிவங்களையும் பார்த்து வரைந்தேன். கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தபோது வெளிச்சமும் நிழலும் தனித்தனியே தெரிந்தன. நிழல் அடர்ந்த இடங்களுக்கு 4பி பென்சிலைப் பயன்படுத்தினேன். மூன்று முறை அழித்து வரைந்தேன். தேய்ந்த குதிகாலும் பிரிந்த தையலுமே படத்துக்கு உயிர் கொடுத்தன. மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, புதிய படத்தைக் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் காலணி நிறைய நடந்திருக்கிறது” என்றார்.

ஆண்டிறுதியில் அதே வெள்ளைக் கோப்பை மீண்டும் எங்கள் மேசைக்கு வந்தது. கோப்பையின் வாய் வட்டம் என்பது என் அறிவுக்குத் தெரியும். ஆனால், நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து அது நீள்வட்டமாகத் தெரிந்தது. அடிப்பகுதியும் மெல்ல வளைந்திருந்தது. தெரிந்ததை விட்டுவிட்டு, கண்டதை வரைந்தேன். ஆசிரியர் எங்கள் முதல் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதிய படத்திலும் கைப்பிடி சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும், அது அந்தக் கோப்பைதான் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

முதல் நாள் நண்பனிடம் நான் சொன்னது முழு உண்மை அன்று. அப்போது எனக்குப் பார்க்கத் தெரியாமல் இருந்தது.