சிறுநீரக நோயில் உணவும் நச்சுத் தேக்கமும்: நாஞ்சில்நாட்டு அடுக்களையை முன்வைத்து

சிறுநீரகம் செயலிழக்கும்போது இரத்தத்தில் தேங்கும் நச்சுகள் வெளியிலிருந்து புகுந்தவை என்றும், ஏதேனும் ஒரு சாற்றைக் குடித்து அவற்றைக் கழுவிவிடலாம் என்றும் நாஞ்சில்நாட்டின் ஆரல்வாய்மொழி போன்ற ஊர்களில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் நம்பப்படுகிறது. உண்மையில் அவற்றுட் பெரும்பகுதி அன்றாடம் உண்ணும் நல்ல உணவிலிருந்தே உடலுக்குள் உருவாகிறது. நலமான சிறுநீரகம் உடனுக்குடன் வெளியேற்றிவிடுவதால் அவற்றின் இருப்பு தெரிவதில்லை.

புரதம் சிதையும்போது கல்லீரலில் உண்டாகும் யூரியாவைப் பலரும் அறிவர். ஆயின் கூடுதல் கவலைக்குரியவை பெருங்குடலில் பிறக்கின்றன. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் எஞ்சும் டிரிப்டோபேன், டைரோசின் என்னும் அமினோ அமிலங்களை அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைக்க, அச்சிதைவுப் பொருள்கள் முறையே இண்டாக்சில் சல்பேட், பாராகிரெசில் சல்பேட் என்னும் நச்சுகளாக மாறி, இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், டயாலிசிஸ் இயந்திரத்தாலும் அவற்றை எளிதில் பிரித்தெடுக்க இயலுவதில்லை. ஆகவே அவை உருவாவதைக் குறைப்பதே வழி. மலம் பெருங்குடலில் தங்கும் நேரம் நீளுந்தோறும் இச்சிதைவு மிகும் என்பதால், சிறுநீரக நோயாளியின் மலச்சிக்கல் அற்பமான தொல்லையன்று. நார்ச்சத்துள்ள காய்கறி அதனைத் தணிப்பதோடு, நுண்ணுயிர்கள் புரதத்துக்குப் பதில் நாரை உணவாகக் கொள்ளவும் இடந்தருகிறது.

டயாலிசிஸ் நிலையை எட்டாத நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதுமென்று 2024ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் இத்தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராமாக உயர்கிறது. இம்மாற்றத்தை அறியாமல் பழைய பத்தியத்தையே தொடரும் குடும்பங்களில் நோயாளி தசை கரைந்து மெலிகிறார். பரிவினால் நேரும் இக்கேடு மிகவும் வருந்தத்தக்கது.

காய்கறியைக் கூட்டும்போது பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தைக் கவனிக்கவேண்டும். இரத்தத்தில் அது மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு ஒரு நல்ல வழி நாஞ்சில்நாட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் (1880-1885) திருவிதாங்கூரில் பரவிய மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கை இங்குள்ளோர் நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடுவர்; கிழங்கின் சயனைடு நச்சைக் குறைக்கும் இவ்வழக்கம் பொட்டாசியத்தையும் ஓரளவு குறைக்கிறது. அவியலோ காய்கறி தன்னீரிலேயே வேகும் பண்டம். பொட்டாசியம் முழுவதும் அதிலேயே தங்கும். ஆகவே பொட்டாசியம் மிகுந்த நோயாளிக்கு அவியல் வைக்கும்போது, காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தபின் தேங்காய் அரைப்பைச் சேர்ப்பதே தக்கது. சுவை சற்றுக் குறைந்தாலும் இலையில் அவியல் நிலைக்கும். இளநீர், ஏத்தம்பழம் (நேந்திரம்), கருப்பட்டி ஆகியவற்றுக்கு இவ்வாறு வடிக்கும் வழியில்லை. அளவைக் குறைக்கவோ தவிர்க்கவோதான் வேண்டும். கல்லடைப்புக்கென்று பரிந்துரைக்கப்படும் வாழைத்தண்டுச் சாறும் அவ்வகையினதே.

பொட்டாசியத்தைப் போலவே உப்பையும் கவனிக்கவேண்டும். கருவாட்டின் உப்பைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாதாரண உப்புக்கு மாற்றாகக் கருதப்படும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சோடியம் குறைந்ததென விற்கப்படும் உப்புகளிலோ பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், அவை இந்நோயாளிகளுக்குக் கூடுதல் ஆபத்தானவை.

உடலுக்கு நல்லதென்று குடிக்கப்படும் சாறுகளுள் கடுமையாக எச்சரிக்கவேண்டியது, அடிமரத்திலேயே குலைகுலையாகக் காய்க்கும் புளிச்சக்காயின் சாறு. கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் இதன் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கவென்று குடித்துச் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்ட 10 பேரைக் குறித்த மருத்துவ அறிக்கை 2013இல் வெளியாயிற்று. அவர்களுள் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாய்ப் படிவதே காரணம். இதன் இனமான நட்சத்திரப் பழத்திலுள்ள கேரம்பாக்சின் என்னும் நரம்பு நச்சோ, சிறுநீரகம் பழுதுபட்டோருக்கு ஓயாத விக்கலையும், குழப்பத்தையும், வலிப்பையும், சிலவேளை மரணத்தையும் விளைவிக்கிறது.

சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் உயர்ந்துள்ள எவரும் புளிச்சக்காயையும் நட்சத்திரப் பழத்தையும் எவ்வடிவிலும் உண்ணலாகாது. பிற பழம், சாறு, மாற்று உப்பு எதையும் இரத்தப் பொட்டாசிய அளவைப் பார்த்து மருத்துவர் ஒப்பியபின்னரே தொடங்கவேண்டும்.