கத்தி பட்டால் பரவுமா?

தோற்புற்றுநோய் வெள்ளைக்காரருக்கே வரும் வருத்தம் என்று எம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அதிற் பாதியே உண்மை. எமது தோலின் கருமை வெயிலின் கொடுமையிலிருந்து எம்மைப் பெரிதும் காக்கின்றது. ஆனால் மெலனோமா எனப்படும் கொடிய வகை, கருநிறத்தவருக்கு வெயில் அதிகம் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழுமே பெரும்பாலும் தோன்றுகின்றது. பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் விரல் நகத்தின் கீழ்க் காணப்பட்டது இதுவே. பந்தடியில் உண்டான காயமென்றே அது முதலில் எண்ணப்பட்டது. விரலை அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே 11இல், 36ஆவது வயதில் இறந்தார்.

அன்பான வாசகரே, இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அம்மம்மாவின் குதிக்காலிற் கறுப்பாக ஒரு படை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் ஒழுங்கில்லை, சில மாதங்களாக அகன்றுகொண்டே போகின்றது. கால் ஆணி என்று நினைத்துப் பூசாத மருந்தில்லை. ஈற்றில் வைத்தியசாலைக்குப் போனால், சிறு துண்டு வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கின்றனர். உடனே வீட்டில் மாநாடு கூடிவிடும். "கத்தி பட்டால் பரவிவிடும், விடுங்கோ" என்பார் ஒரு மாமா. அவர் கெட்ட எண்ணத்திற் சொல்வதில்லை. ஊரில் யாரோ வெட்டுவித்துச் சில மாதங்களில் இறந்ததை அவர் கண்டிருப்பார். அந்த மனிதர் வைத்தியரிடம் போகும்போதே கவட்டில் நெறி கட்டியிருந்ததை அவர் அறிந்திருக்கமாட்டார். கத்தி படுமுன்பே அது பரவியிருந்தது.

தோலுக்குள் மெலனோமா எத்தனை மில்லிமீற்றர் இறங்கியுள்ளது என்பதே நோயாளியின் வருங்காலத்தைப் பெரிதும் காட்டும் என 1970இல் அமெரிக்க நோயியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ எழுதினார். இன்றும் அந்த ஆழத்தைக் கொண்டே வெட்டின் அளவைத் தீர்மானிக்கின்றனர். 1 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின் சுற்றிவரப் பொதுவாக 1 சென்ரிமீற்றர் நல்ல தோலுடன் எடுப்பர். 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதாயின் 2 சென்ரிமீற்றர். மாமாவின் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் பொறுத்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

குதிக்காலில் அவ்வளவு தோலை எடுத்தபின் இழுத்துத் தைப்பது கடினம். ஆகவே தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டுவதுண்டு. பலர் எதிர்பாராதது என்னவெனில், குதிக்காலைவிடத் தொடையே கூடுதலாக எரியும். அது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆறும். ஒட்டிய தோலுக்குள் கீழிருந்து இரத்தக்குழாய்கள் வளரவேண்டும். காலை ஊன்றினாலோ தொங்கவிட்டாலோ அடியில் நீர் கோத்துத் தோல் கிளம்பிவிடும். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருங்கள். ஐந்து முதல் ஏழாம் நாளளவில் வைத்தியசாலையிற் கட்டைத் திறப்பர்; அதுவரை ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவேண்டாம்.

கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் மறிக்கிறார்களே, அதுவும் தவறு. புதுத்தசை வளர அவையே வேண்டும். நீரிழிவு இருந்தால் மருந்தைத் தவறவிடக்கூடாது. தாத்தாவானால் சுருட்டை நிறுத்தவேண்டும். புகை, ஒட்டிய தோலுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். சுகம் விசாரிக்க வந்து மற்றவர்களின் மரணக்கதை சொல்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து விறாந்தையிலேயே இருத்துங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை உள்ள நாட்களே மிக நீண்டவை. "அம்மாவுக்குச் சொல்லாதேயுங்கோ" என்று வைத்தியரிடம் பிள்ளைகள் கெஞ்சுவது வழக்கம். தன் காலைத் தானே பார்க்கின்ற அம்மாவுக்கு அது தெரியாதா? அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரே நாள் எண்ணிக்கொண்டிருப்பார். குணமானால் மடுவுக்கு நடந்து வருவதாக அவர் நேர்த்தி வைத்திருந்தால், உங்கள் பங்குக் குருவிடம் பேசுங்கள். பஸ்ஸிற் போவதற்கு அவர் வழிசொல்வார்.

ஒட்டிய தோலில் உணர்ச்சி குறைவாயிருக்கும். கல்லுக் குத்தினாலும் சுடுமணல் பட்டாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்பு அணிவது நல்லது. அணியுமுன் உதறிப் பார்க்கவேண்டும். அம்மம்மாவாற் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. மாதம் ஒருமுறை மகளோ பேத்தியோ நல்ல வெளிச்சத்தில் இரு கால்களையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் பார்த்து, கவட்டிலும் தடவிப் பார்க்கட்டும். புதிதாக ஏதேனும் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே புறப்படுங்கள்.