நிறத்துக்கு முன்னால் நிழல்

கேள்வி:

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேஸ்டல் பழகி வருகிறேன். எங்கள் வீடு தென்காசிப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் முன்னால் வயல், நடுவில் தென்னையும் பனையும், மேற்கே மலை. இதைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறேன். 48 நிறம் கொண்ட சாஃப்ட் பேஸ்டல் பெட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் படம் மாவு தூவினது போல வெளிறிக் கிடக்கிறது. மலை, மரம், வயல் எல்லாம் ஒரே பச்சையாக அப்பிக்கொள்கின்றன. "முதலில் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் அடிப்பூச்சாகப் போடுங்கள், அப்புறம் நிறம் போடுங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஐவரி ஷீட்டில் கரித்துண்டால் நிழல்களைப் போட்டு, மேலே நிறம் தேய்த்தேன். கரியெல்லாம் கிளம்பி வந்து பச்சை சாம்பலானது, வானம் புகை பிடித்தது போலானது. அடிப்பூச்சு உண்மையில் பயன்படுமா? நான் எங்கே தவறினேன்?

– ஒரு வாசகி, தென்காசி

பதில்:

உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், அம்மா, பாதியோடு நிறுத்திவிட்டார். அடிப்பூச்சு பயன்படும். உங்கள் மலைக்கும் வயலுக்கும் கட்டாயம் பயன்படும். ஆனால் அது தாளில் ஒட்டி நிற்க வேண்டும், கறுப்பாக இருக்கக் கூடாது, வெளிச்சம், நடு, இருட்டு என்ற மூன்று படிகளுக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றும் உங்கள் படத்தில் தவறியிருக்கின்றன.

முதலில், படம் ஏன் வெளிறுகிறது என்று பார்ப்போம். பேஸ்டல் குச்சியில் இருப்பது நிறப்பொடியும், அது உதிராமல் இருக்கக் கொஞ்சம் பசையும்தான். எண்ணெய் வண்ணத்தில் பொடியைச் சுற்றி எண்ணெய் நிறைந்திருக்கும். பேஸ்டலில் பொடிக்கும் பொடிக்கும் நடுவே காற்றுதான். அங்கே வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் எந்த நிறமும் ஒரு படி வெளுத்துத் தெரியும். காய்ந்த செம்மண் தரையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மண் அதேதான், காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதால் நிறம் மட்டும் சட்டென்று இறங்கிவிடும். படத்தின் மேல் ஃபிக்சேட்டிவ் தெளித்தால் கறுத்துப் போவதும் இதே காரணத்தால்தான்.

இதோடு தாளின் வெள்ளையும் சேர்ந்துகொள்ளும். சொரசொரப்பான வெள்ளைத் தாளில் குச்சி மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். மரத்தடி இருட்டுக்குள் ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது எப்படி இருட்டாகும்? அதை மூட நாம் அழுத்தித் தேய்க்கிறோம். தாள் வழவழப்பாகி அடுத்த நிறத்தை ஏற்க மறுக்கிறது. அடிப்பூச்சு செய்கிற முதல் உதவி இதுதான்: பள்ளங்களை நிரப்பிவிடும். அதற்கு மேல் குச்சியை லேசாக இழுத்தாலே போதும்.

அதைவிடப் பெரிய உதவி இன்னொன்று. எது இருட்டு, எது வெளிச்சம் என்ற தீர்மானத்தை நிறம் கையில் வருவதற்கு முன்பே அது எடுத்து வைத்துவிடுகிறது. பச்சைக் குச்சியைக் கையில் எடுத்ததும் நம் மனம் "இது மலை, இது தென்னை, இது வயல்" என்று பெயர் சொல்ல ஆரம்பித்துவிடும். மூன்றும் பச்சை, ஆகவே மூன்றுக்கும் ஒரே அளவு பச்சை. உங்கள் படம் அப்பிக்கொள்வது இதனால்தான். பெட்டியில் 48 நிறம் இருந்தாலும் 148 நிறம் இருந்தாலும் இது தீராது.

பேஸ்டலுக்கு அடியில் இருட்டையும் வெளிச்சத்தையும் போட்டு வைப்பது பழைய வழி. பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1870களில் ஒரு உலோகத் தகட்டில் அச்சு மையைப் பூசுவார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் துணியாலும் விரலாலும் துடைத்தெடுப்பார். அதன் மேல் தாளை வைத்து அழுத்தி எடுப்பார். மோனோடைப் என்று அதற்குப் பெயர். அதே தகட்டில் இரண்டாம் முறை எடுத்தால் மங்கலான ஒரு படம் வரும். அந்த மங்கல் படத்தின் மேல்தான் பல தடவை பேஸ்டல் போட்டார். 1890இல் பர்கண்டிப் பகுதியில் குதிரை வண்டியில் பயணம் போனபோது நண்பர் ஒருவரின் வீட்டில் நிலக்காட்சிகளையும் இப்படிச் செய்யத் தொடங்கினார். அங்கே அடியில் கறுப்பு மை இல்லை, நிறமுள்ள எண்ணெய் வண்ணம். மேலே ஆங்காங்கே மட்டும் பேஸ்டல். 1892இல் பாரிஸில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். உங்கள் கரிக்கும் அவர் மைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: மை தாளில் பிடித்துக்கொண்டது, கரி பிடிக்கவில்லை.

எந்தத் தாள்?

ஐவரி ஷீட்டை விட்டுவிடுங்கள். அது வழவழப்பு, பொடியைப் பிடிக்காது, ஈரத்தையும் தாங்காது. பேஸ்டலுக்கென்றே செய்த மணல் பூச்சுத் தாள்கள் இருக்கின்றன. நன்றாக உழைக்கும், விலைதான் அதிகம். பழகும்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளை ஒரு பலகையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இறுக்குங்கள். நாலு பங்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோவில் ஒரு பங்கு சலித்த மார்பிள் பவுடரைக் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பட்டைத் தூரிகையால் நெடுக்கே ஒரு பூச்சு. காய்ந்ததும் குறுக்கே ஒரு பூச்சு. மறுநாள் தடவிப் பார்த்தால் நைசான உப்புத்தாள் மாதிரி இருக்க வேண்டும். ஜெஸ்ஸோவில் ஒரு துளி காவி நிறம் சேர்த்துவிட்டால் வெள்ளைத் தாளின் மிரட்டலும் இருக்காது.

ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் நேராக வரையலாமா என்று சிலர் கேட்பார்கள். பயிற்சிக்கு வரையலாம். வைத்துப் பாதுகாக்கும் படத்துக்கு வேண்டாம். அந்தத் தாள் நாளடைவில் பழுத்து நொறுங்கும்.

மூன்று படிகள்

இப்போது மாடிக்கு வாருங்கள். மலை உங்களுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். நிறமெல்லாம் தெரியும், நிழல் குறைவு. மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மலை ஒரே உருவமாகத் திரண்டு நிற்கும், பனைகள் அதற்கு முன்னால் வெட்டி ஒட்டினது போல நிற்கும். பழக ஆரம்பிக்கிறவருக்கு அந்த அரை மணி நேரம்தான் பள்ளிக்கூடம்.

கண்ணை இடுக்கிப் பாருங்கள். இலையும் ஓலையும் மறைந்து திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு தீப்பெட்டி அளவு கட்டத்தில் 6பி பென்சிலால் அந்தத் திட்டுகளை மூன்றே படிகளில் போடுங்கள்: வெளிச்சம், நடு, இருட்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தும் பார்க்கலாம். ஆனால் கேமரா நிழல்களை ஒரேயடியாகக் கறுப்பாக்கிவிடும். தீர்ப்பைக் கண்ணுக்கே விடுங்கள்.

எந்தத் திட்டு எந்தப் படி என்று குழம்பினால், அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் தந்த ஒரு கணக்கு கைகொடுக்கும். வெளிச்சம் வானத்திலிருந்து வருவதால் வானமே மிக வெளிச்சம். படுத்துக் கிடக்கும் தரை அந்த வெளிச்சத்தை முழுதாக வாங்கும், ஆகவே அடுத்தது தரை. சாய்ந்து நிற்கும் மலை அதைவிட இருட்டு. நெட்டுக்குத்தாக நிற்கும் மரம் எல்லாவற்றையும்விட இருட்டு. உங்கள் காட்சிக்கு இது அப்படியே பொருந்தும்: வானம் வெளிச்சம், வயலும் மலையும் நடு, மரம் இருட்டு. ஒரே ஒரு விலக்கு: நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல் வானத்தைப் பிரதிபலிக்கும். அப்போது வயல் ஏறக்குறைய வானத்தின் படிக்கே ஏறிவிடும்.

மலையை மட்டும் மரத்தின் படிக்கு இறக்கிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் தூரத்து இருட்டை வெளுக்கச் செய்யும். தூரத்து மலையில் கறுப்பு போட்டால் அது ஊருக்குள் நடந்து வந்துவிடும்.

பூசும் முறை

கறுப்பு, வெள்ளைக் குச்சிகளைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். கறுப்பின் மேல் மஞ்சள் பட்டால் அழுக்குப் பச்சை. வெள்ளையோடு கலந்தால் சிமென்ட் சாம்பல். உங்கள் வானம் புகை பிடித்த கதை இதுதான். இருட்டுக்கு ஆழ்ந்த ஊதாவோ கருங்காவியோ எடுங்கள். மலையின் நடுப்படிக்கு நீலம் கலந்த ஊதா. வானத்துக்கு வெளிர் பொன்மஞ்சள். வயலுக்கு அதைவிட ஒரு படி இறங்கின காவி. பச்சைக்கு அடியில் காவியா என்று யோசிக்காதீர்கள். நாற்றின் பச்சையைப் பச்சைத் தரை மேல் போட்டால் பிளாஸ்டிக் போல இருக்கும். காவி ஆங்காங்கே எட்டிப் பார்த்தால்தான் அந்தப் பச்சைக்கு மண் கிடைக்கும்.

ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அங்குலம் உடைத்துப் படுக்கப் பிடித்து, திட்டுகளை மெல்லியதாக நிரப்புங்கள். அழுத்த வேண்டாம். ஓலை, வரப்பு, வீட்டுக் கூரை எதுவும் வேண்டாம். தென்னை, பனை, அதன் அடிநிழல், பக்கத்துப் புதர் எல்லாம் ஒரே இருட்டுத் திட்டாகக் கை கோத்துக்கொள்ளட்டும். சிதறிக் கிடக்கும் இருட்டு படத்தை அம்மைத் தழும்பு போல ஆக்கிவிடும்.

இப்போது ஈரம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. சில நிமிடத்தில் காய்ந்துவிடும், தாளும் அதிகம் நெளியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கோ அடுப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது. தண்ணீரும் போதும், காய நேரம் பிடிக்கும். பழைய பட்டைத் தூரிகையை நனைத்து, பிழிந்து, வெளிச்சத் திட்டிலிருந்து ஆரம்பித்து இருட்டில் முடியுங்கள். திருப்பிச் செய்தால் இருட்டு வானத்துக்குள் ஏறிவிடும். படிக்குப் படி தூரிகையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் வண்ணம் வழிந்தால் வழியட்டும். அந்த வழிசல் பின்னால் நீங்கள் திட்டமிட்டுப் போட முடியாத ஒரு மரக்கிளையாக மாறும்.

பேஸ்டலைக் கரைக்க மனமில்லை என்றால் அடிப்பூச்சை நேராக வாட்டர்கலரிலேயே போடலாம். ஆயில் பேஸ்டலை மட்டும் அடியில் போடாதீர்கள். அந்த வழுக்கலில் மேலே பொடி நிற்காது. கரிதான் வேண்டும் என்றால் போட்டு, உதறி, ஃபிக்சேட்டிவ் தெளித்துக் காயவிட்ட பிறகே நிறத்தைத் தொடுங்கள்.

மேலே வரும் நிறம்

முழுதும் காய்ந்த பிறகுதான் பேஸ்டல். விரலால் தொட்டால் பொடி வரக் கூடாது. முதலில் கொஞ்சம் கெட்டியான குச்சிகள், கடைசியில் மிருதுவானவை. இருட்டிலிருந்து தொடங்கி வெளிச்சத்துக்கு ஏறுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: திட்டுக்குள் நிறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், படியை மாற்றாதீர்கள். மரத்தின் ஊதா இருட்டுக்கு மேல் கரும்பச்சை, கருநீலம், கருஞ்சிவப்பு எது வேண்டுமானாலும் போடலாம், அவையும் அதே அளவு இருட்டாக இருக்கும் வரை. போட நினைக்கும் குச்சியால் அடிப்பூச்சின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். கோடு மறைந்தால் படி சரி. துருத்திக்கொண்டு நின்றால் வேறு குச்சி எடுங்கள்.

எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். நான் பழகிய நாட்களில், அழகாக வந்த அடிப்பூச்சை மூலை முடுக்கெல்லாம் நிறத்தால் மெழுகி மூடி, "முடித்துவிட்டேன்" என்று பெருமைப்பட்டிருக்கிறேன். எத்தனையோ தாள்கள் போன பிறகுதான் புரிந்தது: மரத்தடியில் தொடாமல் விட்ட ஈர இருட்டுக்கு ஈடான இருட்டு எந்தக் குச்சியிலும் இல்லை. நிழலுக்குள் குறைவாகப் போடுங்கள். வெயில் படும் இடத்தில் தடிமனாகப் போடுங்கள். மலை விளிம்பில் வானத்தின் பொன், தண்ணீரில் அதன் துண்டு: இவை கடைசி ஐந்து நிமிடத்துக்கு.

நடுவில் சேறாகிவிட்டால் மேலும் தேய்க்காதீர்கள். உலர்ந்த முரட்டுத் தூரிகையால் பொடியைத் தட்டி விட்டால் அடிப்பூச்சு அப்படியே மீண்டும் தெரியும்; அங்கிருந்து தொடங்கலாம். உதிரும் பொடியை ஊதாதீர்கள், மூச்சுக்கு நல்லதல்ல. பலகையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைத்தால் பொடி தானாகக் கீழே விழும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாரல் காலத்தில் மலை பாதி மேகத்துக்குள் இருக்கும் நாளில் இந்த மூன்று படிகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு அங்கே ஆழ்ந்த இருட்டே கிடையாது. நெருக்கமான இரண்டு சாம்பல் ஊதாக்கள் போதும். பலமான அடிப்பூச்சு போட்டால் மேகம் ஓடிவிடும். எத்தனை படி என்பதை அன்றைய வானம்தான் சொல்ல வேண்டும்.

இந்த வாரம் நிறம் போட வேண்டாம். ஒரு தாளை நாலாகப் பிரித்துக் கோடு போட்டு, நாலு மாலைகளில் நாலு அடிப்பூச்சு மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றையும் காய்ந்ததும் சுவரில் சாத்தி வைத்து, பத்தடி தள்ளி வீட்டில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். ஓவியம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. "நம்ம மாடியிலிருந்து தெரிகிற மலைதானே, சாயங்காலம் போலிருக்கே" என்று அவர் சொன்னால் பெட்டியைத் திறக்கலாம். "இது என்ன?" என்று கேட்டால், மூடியிருக்கட்டும், அந்தப் படத்தை எந்த நிறமும் காப்பாற்றாது.