முகத்துவாரத்தில் ஒரு விளையாட்டுத் திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொசஸ்தலையாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில், ஒருபுறம் கழிமுகமும் மறுபுறம் அலைகடலும் சூழ, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எந்நேரமும் கண்ணில் பட அமைந்திருக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து, கழிமுகத்து இறாலிலும் ஃபைபர் படகு கொண்டுவரும் மீனிலும் ஈட்டிய பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிளேஸ்டேஷன் ஒன்றையும் அதற்கேற்ற டிவி ஒன்றையும் வாங்கும்பொருட்டுச் சென்னையின் ரிச்சி தெருவுக்கோ பர்மா பஜாருக்கோ புறப்படும் ஓர் இளைஞனுக்கு வழியெல்லாம் சொல்லப்படும் அபிப்பிராயங்களில் சில முற்றிலும் தவறானவை. வேறு சில உண்மையேயாயினும் வேறோர் அறைக்கும் வேறொரு காற்றுக்கும் பொருந்துபவை. உழைத்துச் சேர்த்த பணம் தவறான எண்ணுக்கு விலையாகப் போய்விடலாகாது என்ற கவலையினாலேயே இவ்விஷயத்தை இங்கே சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

புதிய டிவி எதுவாயினும் பழைய பெட்டியைவிட விளையாட்டுக்கு உகந்ததாகவே இருக்கும் என்பது அந்த நம்பிக்கைகளுள் மிகப் பரவலானது. 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் ‘டிவி கேம்’ பெட்டியை இணைத்து, கேசட்டை வாயால் ஊதிச் செருகி, பிளாஸ்டிக் துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுட்டு விளையாடிய சிறுவர்கள் இன்று குடும்பஸ்தர்களாகிவிட்டார்கள். அதே டிவி கேமையும் அதே துப்பாக்கியையும் இன்றைய 43 அங்குல எல்.ஈ.டி. டிவியில் இணைத்தால் ஒரு வாத்துகூட விழாது. துப்பாக்கியின் விசையை அழுத்திய மறுகணம் திரை முழுவதும் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெண்சதுரம் தோன்றி மறையும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெண்மையைக் குறித்த கணத்தில் கண்டால்தான் குறி தப்பவில்லை என்று அந்த யந்திரம் தீர்மானிக்கும். பழைய குழாய் டிவி, வந்த சமிக்ஞையை வந்த வேகத்திலேயே கோடு கோடாகத் திரையில் வரைந்துவிட்டபடியால் கணக்குப் பிசகவில்லை. புதிய டிவியோ ஒவ்வொரு படத்தையும் உள்ளே வாங்கி, தன் திரையின் அளவுக்கு விரித்து, கூர்மையேற்றி, வண்ணத்தைத் திருத்தி, அதன் பின்னரே வெளியிடுகிறது. அந்த வெண்சதுரம் திரைக்கு வந்து சேரும்போது துப்பாக்கி பார்க்க வேண்டிய கணம் கடந்து போயிருக்கும்.

விரல் பொத்தானை அழுத்துவதற்கும் அதன் பலன் திரையில் தோன்றுவதற்கும் இடையே நிகழும் இந்தத் தாமதத்தைத்தான் பையன்கள் ‘லேக்’ என்கிறார்கள். விளையாட்டுக்காக டிவி வாங்குவோர் எல்லாவற்றுக்கும் முன்பாக விசாரிக்க வேண்டியது இதுவே. அட்டைப்பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடப்படாததும் இதுவே. சினிமா பார்ப்பதற்கென்று அமைந்த நிலையில் பல டிவிக்களில் இத்தாமதம் 50 மில்லி வினாடியிலிருந்து 100 மில்லி வினாடிக்கு மேலும் போகும். 100 மில்லி வினாடி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்து பேட்ஸ்மேனை அடைய அரை வினாடிக்கும் குறைவாகவே பிடிக்கிறது. கிரிக்கெட் விளையாட்டில் அந்த அவகாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டிவியே விழுங்கிவிடுமானால், ஆடுகிறவன் தன் கைத்திறமையைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதற்குப் பரிகாரம் டிவிக்குள்ளேயே இருக்கிறது. ‘கேம் மோடு’ என்று செட்டிங்ஸில் இருப்பதைப் படத்தின் நிறத்தை மாற்றும் ஓர் அலங்காரம் என்றும், அதைப் போட்டால் படம் வெளிறிவிடும் என்றும் பலர் எண்ணி அதைத் தொடுவதேயில்லை. உண்மையில் அது, மேலே சொன்ன திருத்தல் வேலைகளில் பெரும்பகுதியை நிறுத்திவைத்து, நல்ல டிவிக்களில் தாமதத்தை 10, 15 மில்லி வினாடியளவுக்குக் குறைத்துவிடுகிறது. நிறம் சற்று மாறினால் அதை மறுபடி சரிசெய்துகொள்ளலாம். போன காலத்தைச் சரிசெய்ய எந்தப் பொத்தானும் இல்லை. ஆகவே கடையில் பளபளவென்று ஓடும் மாதிரிப் படத்தில் மனம் லயித்துவிடாமல், ரிமோட்டைக் கையில் வாங்கி, இந்த மோடு இருக்கிறதா, கன்சோலை இணைத்ததும் தானாகவே அதற்கு மாறுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் காணும் ‘200’, ‘400’ போன்ற அசைவு எண்களை நம்பி வாங்குவோரும் உண்டு. அவை பல சமயங்களில் திரை வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் குறிப்பதில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே கற்பனையாக வேறு படங்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் யுக்தி முதலியவற்றைச் சேர்த்துச் சொல்லும் எண்களே. அவ்விதம் செருகுவதற்கு அடுத்து வரும் படத்துக்காக டிவி காத்திருக்க வேண்டியிருப்பதால், விளையாட்டுக்கு அது உபத்திரவமே ஆகும். மெய்யான 120 ஹெர்ட்ஸ் திரையும் எச்.டி.எம்.ஐ. 2.1 துளையும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்றவற்றுக்குப் பிரயோஜனப்படும். பர்மா பஜாரில் பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கி வருகிறவருக்கு, வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் அனுப்ப இயலாத அந்தக் கன்சோலுக்காக அவ்வளவு செலவு செய்வது வீண் விரயம்.

அடுத்தது அளவு. திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, 4கே என்றால் எங்கே உட்கார்ந்தாலும் 4கே என்பது ஜனங்களின் எண்ணம். சாமானியக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுட்பத்தையே பிரித்தறியும். அந்தக் கணக்கின்படி, 43 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்குச் சாதாரண ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே தனித்தனியாகத் தென்படா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், பீரோவும் கட்டிலும் போக மிஞ்சிய இடத்தில் ஆறு, ஏழு அடி தூரத்தில் அமர்கிறவருக்கு 43 அங்குலத்தில் 4கே தரும் கூடுதல் நுட்பம் சொற்பம். 50, 55 அங்குலத்திலேயே அது கண்ணுக்குப் புலனாகத் தொடங்கும். பிளேஸ்டேஷன் 5 முதலில் வந்தபோது அதன் பெட்டியின் மேல் 8கே என்ற குறி இருந்தது. பிற்காலத்தில் அது நீக்கப்பட்டது. 8கே டிவிக்காகக் கடன் வாங்குவது எந்த வகையிலும் நியாயமாகாது.

அருகே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் கண்டிப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து அளவுக்கு மிஞ்சிய எக்ஸ்ரே கதிர் கசிவது கண்டுபிடிக்கப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. மறு வருஷம் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. இன்றைய எல்.ஈ.டி. திரையில் அக்கதிரைக் கசியவிடும் குழாயே கிடையாது. கண் எரிவதும் வலிப்பதும் இமைக்க மறந்து நெடுநேரம் உற்றுப் பார்ப்பதனால் வருபவை; அதற்கு ஓய்வே மருந்து.

ஒலியின் விஷயத்தில் நிலவும் மயக்கம் இன்னும் பெரிது. திருவிழாவுக்குத் தெருக்கோடி வரை கேட்கும்படி ஸ்பீக்கர் கட்டிப் பழகிய நமக்கு, ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று எழுதிய ஹோம் தியேட்டரைக் கண்டால் மதிப்பு உண்டாவது இயல்பே. அந்த எண், ஒரு கணத்தின் சிறு பகுதிக்குக் கருவி தாங்கக்கூடும் என்று தயாரிப்பாளரே வகுத்துக்கொண்ட கற்பனை அளவு. அதற்கென்று பொது நியதி எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் எண்ணே தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது. அதிலும், வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல் மட்டுமே ஏறும். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சக்தி ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். சிறிய அறைக்கு 20, 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் தாராளமாகப் போதும்.

அவற்றை வைக்கும் இடமே பிரதானம். வூஃபரை மூலையில் தள்ளிவைத்தால் தரையும் இரு சுவர்களும் சேர்ந்து அடியோசையைப் பெருக்கி, அறை முழுவதும் ஒரே உறுமலாக நிறைந்துவிடும். விளையாட்டில் பின்னாலிருந்து வரும் காலடியோசை அதில் அமிழ்ந்துபோகும். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும் காதின் உயரத்தில், சுவரிலிருந்து சற்று முன்னே நகர்த்தி, அமரும் இடத்தோடு சேர்த்து முக்கோணமாக அமையும்படி வைத்து, எதிர்ச்சுவரில் ஒரு தடித்த திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நான் இதைப் பலருக்கும் சொல்லி வருகிறேன். அதிகச் செலவில்லாத இந்தத் திருத்தம் தரும் தெளிவை விலையுயர்ந்த பெட்டி தருவதில்லை. மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் மோதித் திருப்பும் சவுண்ட்பார்களுக்குத் தட்டையான, தாழ்ந்த கூரை வேண்டும். சரிந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழ் அந்த ஒலி எங்கோ போய்விடுகிறது.

ப்ளூடூத் ஹெட்போனே வசதி என்பதும் யோசிக்கத் தக்கது. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனைப் பிளேஸ்டேஷன் நேரே ஏற்பதில்லையாதலால் அதை டிவியோடு இணைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி வெடித்த பிறகு ஓசை தனியே வந்து சேருகிறது. கண்ட்ரோலரின் அடியில் உள்ள துளையில் சாதாரண வயர் ஹெட்போனைச் செருகினால் அத்தாமதம் இல்லை. மெல்லிய சுவருக்கு அப்பால் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர் உறங்கும் குடியிருப்பில் அதுவே தகுந்த வழியும் ஆகும்.

தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தைத் துல்லியமாக்கும் என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். அந்தக் கம்பியில் போவது எண்களாகிய சமிக்ஞை. சேர வேண்டியபடி சேர்ந்துவிட்டால் விலை குறைந்த கேபிளிலும் அதே படம்தான், சேராவிட்டால் படம் விட்டுவிட்டு வரும் அல்லது வராமலே போகும். ஆயினும் எண்ணூர்க் கரையில் அந்த முலாமுக்கு வேறொரு பிரயோஜனம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்தூள் அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிவிடும். கடலோரத்தில் பல இரவுகளில் அந்த அளவு எளிதில் தாண்டப்படுகிறது. துளைகளிலும் பிளக்குகளிலும் படிந்த உப்பு இவ்வாறு கசிந்து உலோகத்தை அரிக்க, பச்சை பூத்த முனைகளைப் பழுதுபார்ப்போர் அடிக்கடி காண்கிறார்கள். தங்கம் அரிக்கப்படாத உலோகம். படத்தின் பொருட்டு அன்றி முனையின் ஆயுளின் பொருட்டு, மிதமான விலையில் கிடைத்தால், முலாம் பூசியதையே இங்கே வாங்குவது உசிதம்.

டிவியைப் பிளாஸ்டிக் உறையிட்டு மூடி, எப்போதாவது மட்டும் போட்டால் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணமும் இந்தக் கரைக்குப் பொருந்தாது. ஓடும்போது உண்டாகும் மிதமான சூடு உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்குகிறது. உறைக்குள் அடைபட்ட ஈரமோ உள்ளேயே தங்கி வேலை செய்கிறது. அணைத்தபின் துணியால் மூடினால் போதும். கன்சோலுக்கு இதைவிடப் பெரிய சத்துரு அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றில் மிதந்து வரும் மெல்லிய சாம்பல். கனமான விளையாட்டுகளில் பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட்ஸ் மின்சாரத்தை எடுத்துச் சூடாக வெளியிடுகிறது. அந்தச் சூட்டைத் தள்ளும் விசிறி, அறையின் காற்றையே சாம்பலோடும் உப்போடும் உள்ளே இழுக்கிறது. மூடிய ஷெல்ஃபில் வைக்காமலும், தரையில் வைக்காமலும், கடலை நோக்கிய ஜன்னலுக்கு நேரே வைக்காமலும், காற்றோட்டமான ஓர் உயர்ந்த இடத்தில் அதை வைத்து, துளைகளில் படிந்த தூசியை அவ்வப்போது மென்மையான பிரஷ்ஷால் அகற்றுவது நல்லது.

ஸ்டெபிலைசர் இருந்தால் எதற்கும் பயமில்லை என்பார்கள். பின்புறத்து லேபிளில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் டிவி, தாழ்ந்த மின்னழுத்தத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும். மின்னல் தாக்குதலிலிருந்து காப்பது ஸ்டெபிலைசரின் வேலையன்று; அதற்கு ஒழுங்கான எர்த்தும் சர்ஜ் காப்பும் வேண்டும், இடி இடிக்கும்போது பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறக்கூடும் என்பதால், அதிக வோல்டேஜில் தானே துண்டிக்கும் கருவியொன்றுக்குச் செய்யும் செலவு வீணல்ல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய பின்பு, நனைந்த சாமான்களை வெயிலில் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைக் குறித்தும் சொல்லியாக வேண்டும். வெயில் நீரை மட்டுமே கொண்டுபோகிறது. உப்பும் எண்ணெயும் சர்க்யூட் பலகையின் மேலேயே தங்கிவிட, மறுபடி ஈரம் பட்டதும் அந்த உப்பு மின்சாரத்தைக் கண்ட வழியில் கடத்துகிறது. உப்புநீரில் நனைந்த டிவியையும் கன்சோலையும், வெளியே நன்கு உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், போட்டுப் பார்க்கக்கூடாது. மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து, பலகையை முதலில் காய்ச்சி வடித்த நீராலும் பின்பு ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலாலும் கழுவி உலர்த்தச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவுக்குப் பலகையில் செம்பு மிஞ்சும்.