மயில்துத்தம்

கடைகளில் நீலக் கற்களாக விற்கப்படும் மயில்துத்தத்தைத் துரிசு என்றும் சொல்வர். பாடப்புத்தகத்தில் அது செப்புச் சல்பேற்று. செம்பும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு.

மாத்தளை மலைகளில் முன்பு கோப்பியே பெரும் பயிர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அதனை அழித்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைப் பிரான்சில் மிலார்டே என்பவர் திராட்சைக்காக வெளியிட்டதோ 1885இல். மருந்து வருமுன் இங்கே கோப்பி போய்விட்டது.

அம்மருந்தே போர்டோக் கலவை. புதிய இடத்தில் சிறு துண்டு நிலத்தில் மிளகும் தக்காளியும் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைத் தாமே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரில் கரையுங்கள். வேறொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீறவிட்டு 5 லீற்றராக்குங்கள். நீல நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்ரிக் வாளியே வேண்டும். இரும்பையும் தகர வாளியையும் இது அரிக்கும். துலக்கிய கத்தியைச் சற்று நேரம் கலவையில் வைத்துப் பாருங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. அப்படியே தெளித்தால் இலை கருகும். அன்றே வடித்துத் தெளித்து முடியுங்கள். மழைக்காலத்தில் நோய் வருமுன் தெளித்தால்தான் காக்கும். அழுகிய கொடியை இது மீட்காது. வருடந்தோறும் தேவையின்றித் தெளித்தால் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கொல்லும்.

வைத்தியத்திலும் இதற்கு இடமுண்டு. சிறுநீரில் சீனி உண்டா என்று பார்க்கும் பெனடிக்ற் கரைசலின் நீலம் இதுவே. சீனி மிகுந்தால் செங்கல் நிறமாகும். இரத்ததான முகாம்களில் விரல் இரத்தத்துளியை நீல நீரில் விடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். துளி விரைவில் அமிழ்ந்தால் இரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் இரத்தச்சோகை இருக்கக்கூடும்.

முற்காலத்தில் நஞ்சுண்டவரை வாந்தியெடுக்கச் செய்ய இதனைக் கொடுத்தனர். அது இன்று கைவிடப்பட்ட முறை. ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே கொல்லும். ஒற்றை அறையில் சமைத்துப் படுக்கும் வீடுகளில் எங்களுக்குள்ள கவலை இதுதான். நீலக் கல் பிள்ளைகளுக்கு இனிப்புப் போலத் தெரியும். மூடிய போத்தலில், பெயர் எழுதி, கூரையோடு சேர்த்து உயரத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை விழுங்கினால் வாந்தியெடுக்கச் செய்யாமல், வாயைக் கழுவி, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வாளியைக் கழுவிய நீரை ஓடையில் ஊற்ற வேண்டாம், மீன்கள் சாகும்.